மிதித்தவர்களின் ஊர்: நாகசாகியிலிருந்து சுவானோ வரை

செவ்வாய், நாகசாகி

ரயில் நிலையத்திலிருந்து நிஷிசாகா குன்றுக்கு ஐந்து நிமிட நடைதான், ஆனால் மேடு. ஜனவரிக் குளிரில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினாள். அவள் ஃபுகுவோகாவில் பல வருஷமாக இருக்கிறாள், ஆனால் இந்தப் பக்கம் திருத்தலம் பார்க்கவென்று வந்ததே இல்லை. நான் தூத்துக்குடியிலிருந்து வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மேலே சிலுவை வடிவச் சுவர், அதில் 26 பேர் வெண்கலத்தில் வரிசையாக நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்று சொல்லக் கூடாது, பாதங்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. 1597 பிப்ரவரி 5-ல், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் கட்டளைப்படி இந்தக் குன்றில் சிலுவையில் அறையப்பட்டவர்கள். கியோத்தோ பக்கமிருந்து இங்கே வரைக்கும் குளிர்காலத்தில் நடத்தியே கூட்டி வந்தார்கள். அதில் சிறுவர்களும் உண்டு. ஒருவர் கொன்சாலோ கார்சியா, மும்பைக்குப் பக்கத்தில் வசாய் ஊரில் பிறந்தவர். "பாத்தியாட்டி, நம்ம நாட்டு ஆளு" என்று அக்கா அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள். ஜப்பானுக்கு வேதத்தைக் கொண்டுவந்த சவேரியாரும் எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, அப்புறம் 1549-ல் இங்கே கப்பலில் வந்து இறங்கியவர்தான். அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் ரொம்ப அந்நியமாகத் தெரியாது.

ஆனால் நான் வந்தது இந்த 26 பேருக்காக மட்டும் இல்லை. இதே குன்றில் 1633 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. கிறிஸ்டோவாவோ ஃபெரெய்ரா, போர்ச்சுக்கல்காரர், ஜப்பானில் இருந்த இயேசு சபைக் குருக்களுக்குத் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவரையும் வேறு சிலரையும் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிட்டார்கள். ரத்தம் தலைக்கு ஏறிச் சீக்கிரம் செத்துவிடக் கூடாது என்பதற்காகக் காதுக்குப் பக்கத்தில் சிறிய கீறல் போடுவார்களாம். ஐந்து மணி நேரத்தில் ஃபெரெய்ரா விசுவாசத்தை மறுதலிக்கிறேன் என்று சைகை காட்டிவிட்டார். அவரோடு தொங்கியவர்களில் நாகாவுரா ஜூலியன் என்ற ஜப்பானியக் குருவும் ஒருவர். சிறுவனாக ரோமாபுரிக்குக் கப்பலில் போய்ப் பாப்பரசரைப் பார்த்துவிட்டு வந்தவர். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, குழியிலேயே இறந்தார். 2008-ல் முக்திப்பேறு பெற்றவர் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. ஃபெரெய்ரா சவானோ சுவான் என்று பெயர் மாற்றிக்கொண்டு, அரசாங்கத்துக்கு மொழிபெயர்த்து, பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரிக்கவும் உதவினார். சாகும்போது மனம் மாறி வேதசாட்சியாகச் செத்தார் என்று ஒரு பேச்சு பிற்பாடு ஐரோப்பாவில் உலவியது. நம்ப ஆசைப்பட்டவர்கள் நம்பினார்கள்.

"அஞ்சு மணி நேரந்தானா?" என்றாள் அக்கா.

அவள் ஊரில் ஞானோபதேச வகுப்பு எடுத்தவள், சட்டென்று தீர்ப்பு சொல்லிவிடுவாள். எனக்கு அந்த 'தானா' பிடிக்கவில்லை. இயேசுவின் சீடர் பேதுரு என்ன செய்தார்? அவரை யாரும் கட்டக்கூட இல்லை. குளிருக்கு நெருப்பு காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண், நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்டாள், உடனே அந்த மனுஷனைத் தெரியாது என்று சொல்லி, கடைசியில் சத்தியமும் பண்ணினார். முதல் பாப்பரசர்! அக்கா விடவில்லை. "பேதுரு சேவல் கூவுனதும் அழுதாருல்லா. இவரு அப்படியேல்ல இருந்துட்டாரு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கீழே இறங்கி சாம்பொன் சாப்பிட்டோம். நாகசாகி நூடுல்ஸ், நன்றாகவே இருந்தது.

புதன், ஓஉரா

டிராம் ஏறி ஓஉரா கோயிலுக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் 1,000 யென், உள்ளே படம் எடுக்கக் கூடாது, வாசலில் தின்பண்டக் கடைகள் வரிசை. வேளாங்கண்ணிக் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை.

கோயில் 1860களில் பிரெஞ்சுக் குருக்கள் வெளிநாட்டு வியாபாரிகளுக்காகக் கட்டியது. ஜப்பானியர் கிறிஸ்தவராக இருந்தால் அப்போதும் தண்டனைதான். 1865 மார்ச் 17 அன்று உராகாமி கிராமத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் வந்தது. அதிலிருந்த ஒரு பெண், பெத்தித்ஜான் சாமியாரிடம் மெல்ல, எங்கள் எல்லோருடைய மனசும் உங்கள் மனசுதான் என்று சொல்லிவிட்டு, சாந்தா மரியா சுரூபம் எங்கே என்று கேட்டாள். வேதம் தடை செய்யப்பட்டது 1614-ல். கடைசிக் குரு கொல்லப்பட்டது 1644-ல். இருநூறு வருஷத்துக்கும் மேல் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, ஆனாலும் ஞானஸ்நானம் கொடுத்து, நாள்காட்டி வைத்து, தவசு காலம் அனுசரித்து வந்திருக்கிறார்கள். இந்தக் கதையைக் கேட்டு ஐரோப்பா முழுக்க அதிசயம் என்றது. அதிசயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் எப்படித் தப்பினார்கள் என்று கேட்டால் அந்த அதிசயத்தின் இன்னொரு பக்கம் வரும். மிதித்துத்தான் தப்பினார்கள்.

1620களின் கடைசியில் தொடங்கி 1850களின் கடைசி வரைக்கும், புத்தாண்டு பிறந்ததும் இந்தப் பக்கத்து மக்கள் ஒவ்வொருவரும் அதிகாரிகள் முன்னால் வரிசையில் வந்து இயேசு அல்லது மாதா உருவம் பதித்த பலகையை மிதித்துக் காட்ட வேண்டும். ஃபுமி-எ என்று பெயர். குழந்தை, கிழவி, நோயாளி யாருக்கும் விலக்கு இல்லை. முதலில் கிறிஸ்தவர்களிடம் பறித்த படங்களையே வைத்தார்கள், அது தேய்ந்துபோகவே 1669-ல் பித்தளையில் வார்க்கச் சொன்னார்கள். அந்தப் பித்தளைப் படங்கள் இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, முகம் மழுங்கிப்போய். எத்தனை பாதங்கள் பட்டிருக்க வேண்டும். அதில் நம்பாதவன் பாதமும் உண்டு, நம்பினவன் பாதமும் உண்டு. பித்தளைக்கு வித்தியாசம் தெரியாது.

மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு ஜெபம் சொல்வார்கள். கொஞ்சிரிசான் என்பார்கள், நம்ம உத்தம மனஸ்தாப மந்திரம் மாதிரியான ஒன்று. குருவானவர் கிடைக்காத இடத்தில் முழு மனதோடு துக்கப்பட்டால் பாவம் மன்னிக்கப்படும் என்று சொல்லும் சின்னப் புத்தகம், 1603-ல் வந்தது. அதைக் கையால் எழுதியும் மனப்பாடம் பண்ணியும் பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் மறுபடி மிதி, மறுபடி அழு. ஏழு தலைமுறை!

இதை எந்தக் கணக்கில் வைப்பது? பேதுரு ஒரு ராத்திரி மூன்று தடவை சொன்னார். இவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுசு முழுக்க. கோயிலை விட்டு வெளியே வந்ததும் அக்கா, "வீம்புக்கு எல்லாரும் மிதிக்க மாட்டேன்னு நின்னிருந்தா 1865-ல கேக்கதுக்கு ஆளே இருந்திருக்காதுல்லா" என்றாள். ஐந்து மணி நேரந்தானா என்று கேட்ட அதே அக்காதான். நான் எதுவும் சொல்லாமல் கஸ்தேரா கேக் வாங்கிக் கொடுத்தேன்.

வியாழன், உராகாமி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமியாரைக் கண்டுபிடித்த பிறகு உராகாமிக்காரர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதுவரை யார் செத்தாலும் புத்தக் கோயில் குருக்கள் வந்து சடங்கு செய்யவேண்டும் என்பது சட்டம். 1867-ல் அது வேண்டாம், எங்கள் முறைப்படி நாங்களே அடக்கம் பண்ணிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சாவு வீட்டில்தான் வெடித்தது. ஜூலை நடுவில் ஒரு நள்ளிரவு ஆயுதத்தோடு வந்து ஊரை வளைத்து 68 பேரைப் பிடித்துப் போனார்கள். உராகாமியில் இப்படி ஊரோடு பிடிப்பது அது நான்காம் முறை, அதனால் இன்றைக்கும் வரலாற்றில் நான்காம் குலைவு என்றே சொல்கிறார்கள்.

சிறையில் கை கால்களை முதுகுப் பக்கம் சேர்த்துக் கட்டித் தூக்கி அடித்தார்கள், கயிற்றில் தண்ணீர் ஊற்றினால் அது இறுகிச் சதைக்குள் போகும். அத்தனை பேரும் மறுதலித்தார்கள். ஒரே ஒருவர் தவிர. அவர் தக்காகி செனெமோன், விவசாயி, ஞானஸ்நானப் பெயர் தோமிங்கோ.

இந்த இடத்தில் வழக்கமான புனிதர் வரலாறு என்றால் செனெமோன் பின்னாலேயே போய்விடும். எனக்கு மற்றவர்கள் பின்னால் போகத்தான் ஆசை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் மனைவிமார் கதவைத் திறக்கவில்லை. நீ என்ன மூஞ்சியோடு வந்தாய், போய் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வா என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சிலர் வீட்டுக்குள் போக முடியாமல் மலையில் திரிந்திருக்கிறார்கள். கடைசியில் ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போய், நாங்கள் சொன்னதை வாபஸ் வாங்குகிறோம், மறுபடியும் கிறிஸ்தவர்கள்தான், வேண்டுமானால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள்.

நான் படித்த வேதசாட்சி வரலாறுகளில் இப்படி ஒரு காட்சி வந்ததே இல்லை. அடிக்குப் பயந்து விட்டவர்கள் அடி எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகு திரும்பிப் போகிறார்கள். முதல் தடவை போனபோது அந்த வலி அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் தடவை நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் இதற்குத்தான் கூடுதல் துணிச்சல் வேண்டும், ஆனால் அவர்களுக்குச் சுரூபமும் இல்லை, திருநாளும் இல்லை.

அக்காவுக்குப் பிடித்தது மனைவிமாரை. "கதவச் சாத்துனாளுக பாரு, அதான்!" என்றாள். எனக்கு அதில் ஒரு நெருடல். அடி வாங்கி நொந்து வந்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது பக்தியா, கல்நெஞ்சா? உள்ளே விட்டிருந்தால் அவன் திரும்பப் போயிருக்க மாட்டான் என்பது உண்மைதான். அவன் பிழைத்திருப்பான் என்பதும் உண்மைதான். டிராம் நிறுத்தம் வரைக்கும் இதே வாக்குவாதம்.

மறு வருஷம் ஆட்சி மாறியது. ராணுவ ஆட்சியாளரான ஷோகன் போய்ச் சக்கரவர்த்தி வந்தார், ஆனால் கிறிஸ்தவர் விஷயத்தில் புது அரசாங்கம் இன்னும் கறார். 1868-ல் முக்கியமான 114 பேரை ஹாகி, சுவானோ, ஃபுகுயாமா என்று மூன்று இடங்களுக்குக் கப்பலேற்றியது. 1870-ல் மீதி ஊரையும் குடும்பம் குடும்பமாகக் கிளப்பியது. மொத்தம் 3,394 பேர் என்று கணக்கு இருக்கிறது, 600 பேருக்கு மேல் போன இடத்திலேயே செத்தார்கள். அங்கே மனம் மாறியதாகச் சொன்னவர்கள் ஆயிரம் பேர் அளவில். மேலை நாடுகளுக்குப் போன ஜப்பானியத் தூதுக்குழுவிடம் போன இடமெல்லாம் இதைப் பற்றிக் கேட்டார்கள், அந்தச் சங்கடமும் சேர்ந்துதான் 1873 பிப்ரவரியில், கிறிஸ்தவ வேதத்துக்குத் தடை என்று எழுதிவைத்த பலகைகளை எடுக்க வைத்தது. திரும்பி வந்தவர்களுக்கு வீடும் இல்லை நிலமும் இல்லை. விட்டவர்களும் விடாதவர்களும் ஒரே ஊரில்தான் மறுபடி குடியிருக்க வேண்டியிருந்தது, விட்டவர்களில் பலர் மறுபடி கோயிலுக்குள் வந்தார்கள்.

1880-ல் அவர்கள் ஊர்த் தலைவரின் பழைய வீட்டை விலைக்கு வாங்கிக் கோயிலாக்கினார்கள். வருஷா வருஷம் ஃபுமி-எ மிதிக்கவைத்த வீடு அது. பாட்டன் பூட்டன் மிதித்த இடத்தில் பேரன் முழங்காலில் நிற்கட்டும் என்று வேண்டுமென்றேதான் வாங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேதான் பெரிய பேராலயம் எழுந்தது, 1914-ல் கட்டி முடித்தார்கள், 1925-ல் இரட்டைக் கோபுரம். 1945 ஆகஸ்ட் 9-ல் அணுகுண்டு அரைக் கிலோமீட்டர் தூரத்தில் வெடித்தது. மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்களும், கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் உள்ளேயே இறந்தார்கள். உராகாமிப் பங்கு மக்கள் சுமார் 12,000 பேரில் 8,500 பேர் போனார்கள். இப்போது இருப்பது 1959-ல் எழுப்பியது. வளாகத்தில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள், ஹாகியில் சுரு என்ற 22 வயதுப் பெண்ணைப் பனியில் உட்காரவைத்து வதைத்த கல். பக்கத்தில் கேமெலியா பூத்திருந்தது. அக்கா கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள், அவ்வளவு குளிர்ச்சி.

வெள்ளி, ரயிலில்

நாகசாகியிலிருந்து சின்ன ஷின்கான்சென் (புல்லட் ரயில்), தகேஓ-ஓன்சென்னில் எதிர் நடைமேடைக்கு மாறி ஹகாதா, அங்கிருந்து பெரிய ஷின்கான்சென்னில் ஷின்-யாமகுச்சி, அப்புறம் மலைக்குள் நுழையும் டீசல் வண்டி. நீராவி ரயில் இந்த வழியில் ஓடும், ஆனால் குளிர்காலத்தில் இல்லை. அக்காவுக்கு ஏமாற்றம். சுவானோ சின்ன ஊர், தெருவோரக் கால்வாயில் கெண்டை மீன்கள் குண்டுகுண்டாக நீந்துகின்றன. விடுதிக்கார அம்மா கொடுத்த மிசோ சூப்பில் உயிர் வந்தது. வேறொன்றும் இல்லை இன்றைக்கு.

சனி, சுவானோ

ஓதொமே கணவாய் ஊருக்கு மேலே, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ராத்திரி பனி விழுந்திருந்ததால் பாதை வழுக்கியது. ஓடையைத் தாண்டி மரங்களுக்கு நடுவே ஏறினால் சின்ன வெட்டவெளி, 1951-ல் கட்டிய சிறு மாதா கோயில். ஒரு காலத்தில் இங்கே ஆளில்லாத புத்தக் கோயில் இருந்தது, அதில்தான் அடைத்தார்கள். 1868-ல் வந்த 28 பேர், அப்புறம் அவர்கள் குடும்பங்கள் 125 பேர், ஆக 153. அக்கா எண்ணைக் கேட்டதும் நின்றுவிட்டாள். உயிர்த்த பிறகு இயேசு கரையில் நிற்க, பேதுரு இழுத்த வலையில் 153 மீன். மறுதலித்த பேதுருவிடம் என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்டாரே, அந்தக் காலையில்தான். தற்செயல்தான், இருந்தாலும் எங்களுக்கு அது சாதாரண எண்ணாகப் படவில்லை.

சுவானோ அரசர் முதலில் அடிக்கவில்லை. நல்ல சாப்பாடு, பண்டிதர்கள் வந்து பேச்சு. பேச்சில் நடக்கவில்லை என்றதும் சோறு குறைந்தது, போர்வை போனது. மூன்றடிப் பெட்டி ஒன்று செய்தார்கள், நீளம் அகலம் உயரம் எல்லாம் மூன்றடி. நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. வாசாபுரோ என்ற இளைஞன்தான் முதலில் அதில் செத்தவன். யாசுதாரோ என்பவரைப் பனியில் அந்தப் பெட்டிக்குள் வைத்தபோது, தனிமையாக இருக்கிறதா என்று கூட்டாளிகள் ரகசியமாக வந்து கேட்க, இல்லை, ராத்திரி நீல உடுப்பு உடுத்திய ஓர் அம்மா வந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்றாராம். கோயிலுக்கு வெளியே அந்தக் காட்சிக்குச் சுரூபம் வைத்திருக்கிறார்கள், பெட்டிக்குள் குந்தியிருக்கும் மனிதன், முன்னால் மாதா.

செனெமோனும் இங்கே வந்தவர்தான். அவரையும் மோரியாமா ஜின்சாபுரோ என்பவரையும் உறைந்த குளத்தில் இறக்கினார்கள். அந்தக் குளம் இன்னும் இருக்கிறது, சின்னதுதான், நம்ம ஊர்க் கோயில் தெப்பத்தில் கால்வாசிகூட வராது. ஓரத்தில் பனிக்கட்டி கண்ணாடியாகப் படிந்திருந்தது. இருவரும் பிழைத்தார்கள், ஊர் திரும்பினார்கள். 1874-ல் நாகசாகியில் வயிற்றுக்கடுப்பு பரவியபோது தெ ரோ சாமியாரோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தவர்களில் செனெமோன் பெயரும் வருகிறது. ஜின்சாபுரோவின் மகன் குருவானார்.

இந்த இடத்தில் இறந்தவர்கள் 37 பேர். அவர்களைப் புனிதர் நிலைக்கு உயர்த்த முயற்சி நடக்கிறது, நடக்கவேண்டியதுதான். நான் தேடியது மற்றவர்களை. 28 பேரிலும் பலர் இங்கே தாங்க முடியாமல் தலையசைத்தார்கள். அசைத்தவர்களுக்கு அன்றே சோறு கிடைத்தது, கூரை கிடைத்தது. நேற்றுவரை பக்கத்தில் படுத்துக்கிடந்தவன் மேலே பட்டினி கிடக்கிறான் என்று தெரிந்தே அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்க வேண்டும். அவர்கள் மேலே இருந்தவர்களுக்குத் திருட்டுத்தனமாகச் சாப்பாடு கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. உண்மையாக இருந்தால், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்திருப்பார்கள்.

நான் அக்காவிடம், "நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"பெட்டியப் பாத்ததுமே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள், யோசிக்கவே இல்லை. "பிள்ளையளையும் கூட அடைப்பாங்கன்னா, பாக்கதுக்கு முன்னாடியே."

"அப்ப ஃபெரெய்ரா?"

"அவரு சாமியாருட்டி. நான் சம்சாரி." கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு, "ஆனா அஞ்சு மணி நேரம் ரொம்ப நேரம்தான்" என்றாள்.

ஞாயிறு, சுவானோ

ஊருக்குள் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலில் காலைப் பூசை. கருங்கல் கட்டடம், உள்ளே பெஞ்சு கிடையாது, தாத்தாமிப் பாய்தான், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்காரலாம். எங்கள் கடற்கரைக் கோயில்களில் பாட்டிமார் தரையில் உட்காருவதை நினைத்துக்கொண்டேன். ஆள் மிகக் குறைவு, எல்லாரும் வயதானவர்கள். பூசை முடிந்ததும் ஒரு தாத்தா எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா, சவேரியார் வேலை செய்த கடற்கரை என்று அக்கா ஜப்பானிய மொழியில் சொன்னதும், ஓ, ஓ என்று இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்குப் போனதும் ஞானோபதேச வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி அக்கா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டாள். "செனெமோன் கதையா, கதவு சாத்துனவங்க கதையா?" என்றேன். "ரெண்டும் வேண்டாம், திரும்பிப் போனவனுவ கதையச் சொல்லு. கதவுப் பக்கம் வந்தீன்னா நீ சண்டைக்கு வருவ." அங்கேயும் ஒரு சண்டை வந்து அது ஷின்-யாமகுச்சி வரை ஓடியது.

போக நினைப்பவர்களுக்கு: மே 3-ல் சுவானோ கோயிலிலிருந்து ஓதொமே கணவாய் வரைக்கும் ஊர்வலமும் திறந்தவெளிப் பூசையும் நடக்கும், கூட்டம் வரும், விடுதி முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். குளிர்காலம் என்றால் நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். விரைவு வண்டிகள் நாளுக்குச் சிலதான், நேரம் பார்த்துக்கொண்டு மலையேறுங்கள். மேலே கடை எதுவும் இல்லை, சாப்பிட ஏதாவது கையில் கொண்டு போங்கள்.